கொடிமரத்தடியில் சந்திப்போம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)



“டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வந்தீர்களாமே! எத்தனை ராட்டினம் ஏறினீர்கள்?” 2025 ஜனவரியில் நாங்கள் பள்ளிக்குத் திரும்பிய அன்று இதைக் கேட்காத தோழியே இல்லை. “ஏழு” என்றோம். “ஏழுதானா?” என்று உதட்டைப் பிதுக்கினார்கள். காலை முதல் இரவு வரை ஒரு நாள் முழுவதும் இருந்துவிட்டு ஏழு என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த ஏழுக்காக எங்கள் வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டோம் என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். சிரித்தாலும் பாதகமில்லை; பண்டிகைக் காலத்தில் இத்தகைய கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது எப்படி, அங்கே வரிசைகள் ஏன் அவ்வளவு நீளுகின்றன, அதற்கு முன்கூட்டியே என்ன செய்யலாம் என்பதை எங்கள் அனுபவத்தைக் கொண்டு விளக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பூங்காவுக்காக அமெரிக்கா போகவில்லை. புளோரிடா மாநிலத்தில் டாம்பா என்னும் ஊரில் எங்கள் அத்தை இருக்கிறார். அப்பாயி தம் மகளைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாயிக்கு வயது 71. “முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்டா” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறார். விமானக் கட்டணத்துக்காக மூன்று ஆண்டுகள் சீட்டுப் போட்டார். அரையாண்டு விடுமுறையோடு நான்கு நாள் விடுப்பும் தலைமைச் சகோதரி அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். அத்தை வீட்டிலிருந்து டிஸ்னி வேர்ல்டு காரில் ஒன்றரை மணி நேரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பாராமல் திரும்புவதா? தம்பி கேட்ட கேள்வி இது. அவனுக்கு அப்போது ஆறு வயது.

டிஸ்னி வேர்ல்டு என்பது ஒரு பூங்கா அல்ல. நான்கு பெரிய பூங்காக்கள் சேர்ந்த இடம் அது. 1971 அக்டோபர் 1இல் திறந்த மேஜிக் கிங்டம் முதலாவது. எப்காட் 1982இலும், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படுவது 1989இலும், அனிமல் கிங்டம் 1998இலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளாவது வேண்டும். எங்கள் கையிருப்போ ஒரு நாளைக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. 2018 முதல் அங்கே நாளுக்கு ஏற்றபடி சீட்டு விலை மாறுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் உச்சிக்குப் போய்விடும். அந்த வாரத்தில் தலைக்கு 150 டாலருக்கு மேல். அப்போதைய மதிப்பில் பன்னிரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைக்குத்தான் இலவசம். ஆக எங்கள் ஐவருக்கே அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல்! அப்பா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு, “ஒரு பூங்கா, ஒரு நாள்” என்றார். மேஜிக் கிங்டத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

எந்த நாள்? கூட்டம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுங்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். ஜனவரி நடுவிலோ செப்டம்பரிலோ போனால் கூட்டம் குறைவுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டார் பள்ளி மூடிய நாளில்தானே போக முடியும்? இந்த நியாயம் நமக்கு மட்டுமா? அமெரிக்க வீட்டார் எல்லாருக்கும் அதே நியாயம். அதனால்தான் கூட்டமே சேருகிறது! கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அவர்கள் பள்ளிகள் மூடியிருக்கின்றன. வட மாநிலங்களில் பனி கொட்டும்போது புளோரிடாவில் இதமான வெயில். பிரேசில், அர்ஜென்டினா நாடுகளில் அதுவே கோடை விடுமுறை. மேஜிக் கிங்டம் திறந்த முதல் நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர்தான் வந்தார்களாம். சரியாக எட்டு வாரம் கழித்து, நவம்பர் மாதத்தில் அவர்கள் கொண்டாடும் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த நாளில், கார்கள் நெடுஞ்சாலையில் மைல்கணக்கில் தேங்கி, வாசலையே மூட வேண்டியதாயிற்று. இடம் ஒன்றே, மாறியது விடுமுறை மட்டுமே.

கிறிஸ்துமஸ் அன்றே போகலாமா என்று தம்பி கேட்டதற்கு அப்பாயி பார்த்த பார்வையே பதிலாயிற்று. அன்று திருப்பலிக்கும் அத்தை வீட்டு விருந்துக்குமே நேரம் சரியாக இருந்தது. மாமாவுக்கு விடுப்பு கிடைத்தது டிசம்பர் 30 ஒரு நாளைக்குத்தான். ஆண்டிலேயே நெருக்கடியான வாரத்தின் நெருக்கடியான நாள்களில் ஒன்று. வேறு வழியில்லை.

சீட்டை முதலிலேயே அந்தத் தேதிக்கென்று வாங்கிவிட்டோம். இதில் அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்கு ஹாங்காங்கில் நடந்ததே சான்று. அங்கே 2005 செப்டம்பரில் டிஸ்னிலாந்து திறந்தார்கள். குறிப்பிட்ட சில நாள்கள் நீங்கலாக ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் செல்லும் என்று சீட்டு விற்றார்கள். 2006இல் சீனப் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஹாங்காங்கின் விடுமுறை முடிந்தாலும் சீனப் பெருநிலத்தில் விடுமுறை தொடர்ந்தது. அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து இறங்கின. உள்ளே இடம் நிறைந்துவிட்டது என்று வாசலை அடைத்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய சீட்டோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். சிலர் தடுப்பின்மீது ஏறிக் குதிக்கவே முயன்றார்கள். அதன் பிறகே, சீனாவின் விடுமுறைகளை ஒட்டிய நாள்களுக்குத் தேதி குறித்த சீட்டுதான் என்று விதியை மாற்றினார்கள்.

இனி வரிசைக் கணக்குக்கு வருவோம். இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நிலை. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

நம் தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் நிறைய இரண்டு நிமிடம் ஆகிறது. பத்துக் குடம் வரிசையில் இருந்தால் இருபது நிமிடம். நாளைக்குத் திருவிழா, ஐம்பது குடம் வந்துவிட்டது என்பதற்காகக் குழாய் வேகமாகக் கொட்டுமா? கொட்டாது. நூறு நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும். ராட்டினமும் ஒரு குழாய்தான். மணிக்கு இத்தனை பேரை ஏற்றி இறக்கும் என்பது இரும்பில் வார்த்த எண். கிறிஸ்துமஸ் வந்தால் அது கூடாது. ஆகவே முன்னால் நிற்பவர்களின் தொகையை, மணிக்கு ஏறுகிறவர்களின் தொகையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் வரிசைகளைப் பற்றிய இந்தத் தொடர்புக்கு முறையான நிரூபணம் கொடுத்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் ஊர்க் குழாயடிப் பெண்களுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. டம்போ என்னும் பறக்கும் யானை ராட்டினத்தில் பதினாறு யானைகள். யானைக்கு இருவர். ஒரு சுற்றுக்கு 32 பேர். ஏற்றி, வார் மாட்டி, சுற்றி, இறக்க நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்குப் பதினைந்து சுற்று, 480 பேர். முன்னால் 480 பேர் நின்றால் ஒரு மணி நேரம்! இதனால்தான் 2012இல் பக்கத்திலேயே இன்னொரு டம்போவைக் கட்டினார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் விளையாட ஒரு கூடாரமும் போட்டார்கள். இதற்கு நேர்மாறு ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ என்னும் படகுச் சவாரி. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக முதலில் செய்யப்பட்டது அது. கண்காட்சிக் கூட்டத்தைச் சமாளிக்கவே, படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நீரில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்படி அமைத்தார்கள். அங்கே வரிசை நீளமாகத் தெரிந்தாலும் கால் நகர்ந்துகொண்டே இருக்கும். வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அது நகரும் வேகத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

காலையில் போனால் கூட்டம் குறைவு என்கிறார்களே, ஏன்? திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வாசலில் வந்து சேருகிறவர்களைவிட ராட்டினங்கள் ஏற்றி அனுப்புகிறவர்கள் அதிகம், வரிசை தங்குவதில்லை. பத்து, பதினொரு மணிக்குப் பிறகு வருகிறவர்கள் மிஞ்சிவிடுகிறார்கள். மிஞ்சியவர்கள் அடுத்த மணிக்குப் பாக்கியாக நிற்கிறார்கள், அதற்கு அடுத்த மணிக்கும். பாக்கிக் கணக்கு ஏறிக்கொண்டே போய், இரவில் மக்கள் வீடு திரும்பத் தொடங்கும்போதுதான் குறைகிறது. ஆகவே ஆறு மணிக்கு எழுந்தவருக்கும் எட்டு மணிக்கு எழுந்தவருக்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டு மணி அல்ல. இரண்டு ராட்டினம், சில சமயம் மூன்று.

கூட்டத்தைப் பங்கிட்டுவிட டிஸ்னிக்காரர்களும் பல உபாயங்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். தொடக்கக் காலத்தில், 1982 வரை, உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிச் சீட்டு; ஏ, பி, சி, டி, ஈ என்று தரம் பிரித்துப் புத்தகமாக விற்றார்கள். ஈ சீட்டுகள்தாம் பெரிய சவாரிகளுக்கு. அவை தீர்ந்ததும் மீந்திருக்கும் சின்னச் சீட்டை வீணாக்க மனமில்லாமல் மக்கள் சின்ன ராட்டினங்களைத் தேடிப் போவார்கள்; கூட்டம் தானே பிரிந்துவிடும். எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவச முறை வந்தது. பொங்கல் பரிசுக்கு நம் ரேஷன் கடையில் டோக்கன் கொடுக்கிறார்களே, இன்ன நாள் இன்ன நேரத்துக்கு வா என்று, அதே டோக்கன்தான். நிற்காமல் வேறு வேலை பார்த்துவிட்டுக் குறித்த நேரத்துக்குப் போகலாம். 2021இல் அதை எடுத்துவிட்டுக் கட்டண முறை கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை முதல் அதற்கு லைட்னிங் லேன் என்று பெயர். டிஸ்னி விடுதியில் தங்குவோர் ஏழு நாள் முன்பும், மற்றவர்கள் மூன்று நாள் முன்பும், காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும்.

அதை வாங்குவதா வேண்டாமா என்று அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய விவாதம் நடந்தது. பண்டிகை நாளில் தலைக்கு முப்பது டாலருக்கு மேல். “திருப்பதியில் முந்நூறு ரூபாய் சிறப்பு தரிசனம் இல்லையா, அதுபோலத்தான்” என்றார் மாமா. “அவர்கள் உள்ளே போகப் போக, தர்ம தரிசன வரிசை அங்கேயே நிற்கிறதே” என்றார் அப்பா. இருவர் சொன்னதும் உண்மை. குழாய் ஒன்றுதான், பணம் கொடுத்தவர் குடத்தை முன்னால் வைத்தால் மற்றவர் குடம் பின்னால் போகத்தான் வேண்டும். பணம் கொடுப்பது தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு நாளே உள்ள வெளியூர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் ஐவருக்கும் அத்தை, மாமாவுக்குமாகக் கணக்கிட்டால் இருநூறு டாலருக்கு மேல் போகிறது என்பதால் விட்டுவிட்டோம். அவ்வளவுதான்.

பணத்தால் வாங்காததை யோசனையால் ஈடுகட்ட வேண்டுமே! அதற்கு வழி சொன்னவர் அம்மா. ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். “அங்கே போய் இது ஒன்று இல்லாவிட்டால் மனசு ஆறாது என்பதை எழுதுங்கள். ஒன்றுதான், இரண்டு எழுதினால் செல்லாது.” ஒவ்வொருவருக்கும் ஒன்று கட்டாயம், மற்றவை எல்லாம் கிடைத்தால் இலாபம். பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வதுதான் உண்மையான திட்டம் என்று அப்போதுதான் புரிந்தது. முடிவு செய்யாமல் போனவர்கள் உச்சி வெயிலில், வழியின் நடுவில் நின்று சண்டை போடுவதை அன்று நாங்கள் கண்ணால் கண்டோம். எல்லா நாட்டாரும் ஒரே மாதிரிதான் சண்டை போடுகிறார்கள்.

அம்மா எழுதியது வாணவேடிக்கை. அப்பா எழுதியது நீராவி ரயில். பூங்காவைச் சுற்றி ஓடும் அந்த ரயிலின் இன்ஜின்கள் பொம்மை அல்ல. 1916க்கும் 1928க்கும் இடையில் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் மெய்யாகவே ஓடியவை. 1969இல் அவற்றை வாங்கிவந்து டாம்பாவில், அத்தை இருக்கும் அதே ஊரில், ஒரு கப்பல் பட்டறையில் பழுது பார்த்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாயி புகைப்படங்களை எல்லாம் புரட்டிவிட்டு, ஆற்றில் போகும் துடுப்புச் சக்கரக் கப்பலைத் தொட்டுக் காட்டினார். அக்காளின் காகிதத்தில் ஸ்பேஸ் மௌண்டன். தம்பியின் காகிதத்திலும் பிழையான எழுத்தில் அதுவே இருந்தது.

இங்கேதான் சிக்கல். ஸ்பேஸ் மௌண்டன் 1975இல் வந்த ரோலர் கோஸ்டர். மணிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான் ஓடும். நம் நகரப் பேருந்தின் வேகம்! ஆனால் கும்மிருட்டில் ஓடுவதால் ராக்கெட்டில் போவதுபோல் இருக்கும். அதில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். தம்பி நவம்பரில் 43 அங்குலம். ஆறு வாரம் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். கேட்காமலே பால் குடித்தான். டிசம்பர் 26 அன்று அத்தை வீட்டுச் சுவரில் அளந்தோம். 43¼. “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், செருப்போடு நின்றால் தெரியாது” என்றார் மாமா. அம்மா ஒப்பவில்லை. “இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, அளவுகோலுக்கு முன்னால் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆவான்? இப்போதே சொல்லிவிடுவோம்” என்றார். சொன்னோம். அரைமணி நேரம் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 38 அங்குலம் போதும் என்ற ஏழு குள்ளர் சுரங்க ரயிலை எழுதிக் கொடுத்தான். சிறு பிள்ளைகளோடு போகும் பெற்றோர்கள் எதை மறந்தாலும் இந்த உயர அளவை மறக்க வேண்டாம்.

அப்பாயி தம் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் போனவர் அவர். “கூட்டத்துல யாராவது தவறிட்டா தேடி அலையக் கூடாது. தேடுறவங்களும் அலைஞ்சா ரெண்டு பேரும் சந்திக்கவே முடியாது. கொடிமரத்தடியில போய் நில்லு, நாங்க வருவோம். இப்படித்தான் உங்கப்பன ரெண்டு தடவ கண்டுபுடிச்சேன்.” மேஜிக் கிங்டத்தில் கொடிமரத்துக்கு எங்கே போவது என்று சிரித்தோம். வரைபடத்தைப் பார்த்தால் வாசலுக்கு உள்ளே, மெயின் ஸ்ட்ரீட் தொடங்கும் சதுக்கத்தின் நடுவிலேயே ஒரு கொடிமரம்! தினமும் மாலை அமெரிக்கக் கொடியை மரியாதையோடு இறக்குவார்களாம். அதையே குறித்துக்கொண்டோம். அத்தையின் தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் எழுதி அப்பாயியின் சுருக்குப்பையில் வைத்தோம்.

டிசம்பர் 30. விடியுமுன் ஐந்து மணிக்கே கிளம்பினோம். கார் நிறுத்தும் இடத்திலிருந்து மேஜிக் கிங்டம் தொலைவு. ஏரியைக் கடக்க வேண்டும். படகிலோ, மானோரயில் எனப்படும் ஒற்றைத் தண்டவாள வண்டியிலோதான் போகலாம். பூங்கா திறக்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால் இந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் பறிபோய்விடும். காரை நிறுத்திய வரிசையின் பெயர் கதைகளில் வரும் கெட்டவன் ஒருவனுடையது. அதைத் தம்பி மனப்பாடம் செய்துகொண்டான். சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டு போக அங்கே தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. அத்தை விடியற்காலையில் எழுந்து கட்டிய எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்களுக்கு ஒரு மணி நேர உணவக வரிசையை மிச்சப்படுத்தின.

கதவு திறந்ததும் இரண்டாகப் பிரிந்தோம். ஒரு கூட்டம் ஸ்பேஸ் மௌண்டனுக்கு, மறு கூட்டம் குள்ளர் ரயிலுக்கு. அப்பாவும் அப்பாயியும் நிதானமாகக் காப்பி குடிக்க. விடுதியில் தங்கியவர்களுக்கு அரைமணி முன்னதாகவே அனுமதி உண்டு. ஆகவே எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே கூட்டம். ஆனாலும் ஐம்பது நிமிடத்தில் ஏறிவிட்டோம். பதினொரு மணிக்கு அதே குள்ளர் ரயிலின் பலகை 130 நிமிடம் என்று காட்டியது. அதைப் பார்த்ததும் தம்பி அடைந்த ஆனந்தம் ரயிலில் ஏறியபோதுகூட அடையவில்லை. பிறகு டம்போ. அதோடு சிறிய குழாய்களை எல்லாம் முடித்துக்கொண்டு, கூட்டம் மிகும் நடுப்பகலைப் பெரிய குழாய்களுக்கு ஒதுக்கினோம். நூற்றுக்கணக்கானோரை ஒரே தடவையில் ஏற்றிக்கொள்ளும் கப்பல், ரயில், படகுச் சவாரி, குளிர்ந்த அரங்கில் இருபது நிமிடம் உட்கார வைக்கும் ‘கரோசல் ஆஃப் ப்ராக்ரெஸ்’. அப்பாயியின் முழங்காலுக்கும் இதுவே உகந்ததாக இருந்தது. சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு. அப்பாயி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கப்பலில் ஒரு வேடிக்கை. அது மெய்யான நீராவிக் கப்பல். ஆனால் தண்ணீருக்கு அடியில் போட்ட தண்டவாளத்தின்மேல் ஓடியது. அப்பா எட்டி எட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட்டு, “கப்பலும் நம்ம டிபார்ட்மெண்டுதான்!” என்று சத்தமாகச் சொன்னார். அப்பாயி மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. இறங்கச் சொன்னபோது, “இன்னொரு சுத்து போலாமா?” என்றார். போனோம். திட்டத்தில் இல்லாத சுற்று அது. அதனால் பீட்டர் பேன் சவாரியை விட்டோம்.

பிற்பகலில் கிறிஸ்துமஸ் ஊர்வலம். டிசம்பர் முற்பகுதியில் தனிக் கட்டண இரவு விழாவுக்கு வருவோர்க்கு மட்டும் நடக்கும் அந்த ஊர்வலம், கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. கூட்ட நாளுக்கும் ஒரு நன்மை உண்டு. ஊர்வலம் முடிந்து ஜனங்கள் ஒரே அலையாகக் கிளம்பியபோதுதான் கவனித்தோம். அப்பாயி இல்லை. அத்தையோடு இருக்கிறார் என்று நாங்களும், எங்களோடு இருக்கிறார் என்று அத்தையும் நினைத்திருந்தோம். தவறு முழுவதும் எங்களுடையதே. ஆங்கிலம் தெரியாது, கையில் கைப்பேசி இல்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா ஊர்வலம் போன திசையில் ஓடத் தொடங்கினார். “அப்பா, கொடிமரம்!” என்று தம்பிதான் கத்தினான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சதுக்கத்தை அடைய இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுத எங்களுக்கு மனமில்லை. கொடி இறக்கும் நேரம் அது. வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. வயதான முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் நெஞ்சில் கைவைத்து நின்றார். அவருக்குச் சற்றுத் தள்ளி, சுங்குடிச் சேலைமேல் அத்தையின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்தார் எங்கள் அப்பாயி. “எவ்வளவு நேரம் நிக்கிறது? நீங்கல்லாம் எங்க தொலைஞ்சீங்க?” என்று எங்களைத்தான் கேட்டார்.

அதன்பின் அவசரப்படவில்லை. வாணவேடிக்கைக்குக் கோட்டையின் முன் நிற்காமல், முன்னதாகவே படகேறி ஏரியின் அக்கரைக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து வானம் முழுவதும் தெரிந்தது. தூரத்தால் சற்றுச் சிறிதாகத் தெரிந்தது உண்மைதான்; ஆனால் முடிந்ததும் திரும்பிக் காருக்கு நடக்கப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. உள்ளே நின்றவர்கள் அப்போதுதான் படகுக்கான வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா தம் காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பி கெட்டவன் பெயரைச் சரியாகச் சொல்லிக் காரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, ஏறியதும் தூங்கிவிட்டான்.

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தபின், 2025 ஜூலையில் ஒரு நாள் அத்தை தொலைபேசியில் அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னார். ஜூலை 6ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்களாம். கார்கள் கதையை வைத்து அந்த இடத்தில் புதிய பகுதி கட்டப் போகிறார்களாம். “அந்த பாய்லரை என்ன செய்வார்களாம்?” என்று அப்பா கேட்டார். அத்தைக்குத் தெரியவில்லை. அப்பாயி தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

“கொடிமரம் இருக்குல்ல?”

“இருக்கும்மா” என்றார் அத்தை.